கொத்தமல்லி உறைந்தால் போர்டை மாற்ற வேண்டுமா?

கேள்வி: எங்களுடையது இரட்டைக் கதவு, ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜ். வாங்கி 4 வருடம் ஆகிறது. ஒரு மாதமாகக் கீழே காய்கறி ட்ரேயில் வைக்கும் கொத்தமல்லி, கீரை எல்லாம் விறைத்துப்போகின்றன. குளிர்ச்சியைக் குறைத்து வைத்தும் பயனில்லை. கம்ப்ரஸர் நிற்பதே இல்லை. பார்க்க வந்த மெக்கானிக், ஃபிரிட்ஜை இயக்கும் மின்னணு போர்டு போய்விட்டது, 6,500 ரூபாய் ஆகும் என்கிறார். மாற்றிவிடலாமா? (மதுரை வாசகர்)

பதில்: இப்போது வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது சென்சாரை. அதன் விலை சில நூறு ரூபாய்தான்.

ஃபிரிட்ஜ் சென்சார் என்பது, குளிரக் குளிர மின்தடை ஏறும் ஒரு சிறு உறுப்பு. அந்தத் தடையை வைத்துத்தான் உள்ளே எவ்வளவு குளிர் என்று போர்டு கணக்குப் போடுகிறது. சென்சாரின் தலையைப் பிளாஸ்டிக்கில் அடைத்திருப்பார்கள். வருடக்கணக்கில் குளிர்ந்தும் சூடேறியும் அந்த அடைப்பில் மயிரிழை விரிசல் விழும், அதன் வழியாக ஈரம் உள்ளே போகும். ஈரம் மின்சாரத்துக்குக் குறுக்குவழி கொடுப்பதால் மொத்தத் தடை குறைந்துவிடும். 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் வகைச் சென்சார் ஒன்று 0 டிகிரியில் 33 கிலோ ஓம் காட்ட வேண்டும் என்று வையுங்கள். ஈரத்தால் 50 கிலோ ஓம் அளவுக்குக் கசிவு இருந்தால் போர்டுக்குத் தெரிவது 20 கிலோ ஓம்தான். அந்தச் சென்சாரின் கணக்கில் அது 10 டிகிரி. உள்ளே தண்ணீர் உறையும் குளிர் இருக்க, போர்டு இன்னும் ஆறவில்லை என்று நினைத்துக் கம்ப்ரஸரை ஓட்டிக்கொண்டே இருக்கும்.

சென்சார் ஒயரைச் சொருகும் கனெக்டரின் உலோக முனையில் துரு ஏறினால் கதை தலைகீழ். தடை கூடும், போர்டு போதுமான குளிர் வந்துவிட்டது என்று கம்ப்ரஸரைச் சீக்கிரமே நிறுத்தும், பால் திரியும். ஆக, பொருள் உறைந்தால் சென்சார் தலையையும், குளிர் போதாவிட்டால் கனெக்டரையும் முதலில் பாருங்கள்.

சென்சாரைத் தொடுமுன் ஒரு சோதனை. நடுத் தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு இரவு முழுக்க விட்டு, காலையில் கதவைத் திறந்தவுடன் படியுங்கள். 3 முதல் 5 டிகிரிக்குள் இருந்தால் ஃபிரிட்ஜில் கோளாறு இல்லை, கீரைதான் குளிர்காற்று வரும் துளைக்கு நேரே இருக்கிறது. இன்னொன்று: பல மாடல்களில் ஃப்ரீசருக்குள் இருக்கும் திருகு, மேலும் கீழும் காற்றைப் பங்கிடும் டேம்பர் என்ற சிறு தடுப்பை மட்டுமே நகர்த்தும். அதை யாராவது திருப்பி வைத்திருந்தாலும், டேம்பர் திறந்தபடியே சிக்கிக்கொண்டாலும் கீழே இதே மாதிரி உறையும்.

இவை எல்லாம் சரி என்றால் சென்சாரை அளக்கலாம். பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. கீழ் அறையின் பக்கச் சுவரிலோ பின்சுவரிலோ துளைகள் உள்ள சிறு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றினால் இரண்டு ஒயருடன் விரல்நுனி அளவுத் தலை தெரியும். ஒரு டம்ளரில் நொறுக்கிய ஐஸை நிரப்பி, அது நனையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். இதுதான் 0 டிகிரி. உப்புப் போடக் கூடாது, போட்டால் இன்னும் கீழே இறங்கிவிடும். சென்சார் தலையை மெல்லிய பாலித்தீன் உறையில் சுற்றி, உறைக்குள் காற்று நிற்காமல் முக்கி, 10 நிமிடம் விடுங்கள். கனெக்டரைப் பிரித்து மல்டிமீட்டரை 200 கிலோ ஓம் அளவில் வைத்து அளக்கவும். 20 கிலோ ஓம் அளவில் வைத்தால் நல்ல சென்சாருக்கும் மீட்டர் எல்லை தாண்டி வெறும் 1 காட்டும். அதைப் பார்த்து ‘சென்சார் கட்’ என்று தூக்கிப்போடுவது பட்டறைகளிலேயே நடக்கிறது. மீட்டரின் இரண்டு முனைகளையும் விரலால் அழுத்திப் பிடிக்கவும் கூடாது. உடம்பின் தடையும் கணக்கில் சேர்ந்துவிடும்.

10 கிலோ ஓம் வகை ஐஸ் தண்ணீரில் 27 முதல் 33 வரையும், 5 கிலோ ஓம் வகை 13 முதல் 16 வரையும் காட்டும். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறுவதால், உங்கள் மாடலின் சர்வீஸ் தாளில் உள்ள எண்ணே முடிவானது. தாள் கிடைக்காவிட்டால் ஃப்ரீசர் சென்சாரையும் அதே டம்ளரில் போட்டு ஒப்பிடலாம். பெரும்பாலும் இரண்டும் ஒரே வகை. அப்படியானால் இரண்டு எண்ணும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். பிறகு தலையைக் கைக்குள் பொத்திச் சூடேற்றுங்கள். எண் சீராக இறங்க வேண்டும். ஒயரை அசைக்கும்போது துள்ளினால் உள்ளே ஒயர் அறுந்திருக்கிறது.

கடைசியாக, ஃபிரிட்ஜின் பின்பக்கம் போர்டில் வந்து சொருகும் இடத்திலும் அதே அளவு கிடைக்கிறதா என்று பாருங்கள். அங்கே சரியான எண் வந்தும் கம்ப்ரஸர் நிற்கவில்லை என்றால்தான் போர்டின் மேல் பழி போடலாம். போர்டுப் பெட்டியைத் திறந்த கையோடு எறும்பும் பல்லியும் இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் ஊரில் போர்டில் உள்ள ரிலே சுவிட்சுகளைக் கெடுப்பதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. மீண்டும் பிளக்கைச் சொருகுமுன் 5 நிமிடம் விடவும்.

கேள்வி: சென்சார்தான் கோளாறு என்று தெரிந்துவிட்டது. கடையில் 150 ரூபாய்க்குப் பார்க்க அதே மாதிரி ஒன்று தருகிறார்கள். போடலாமா? (திருச்சி வாசகி)

பதில்: தோற்றத்தை நம்பாதீர்கள். 10 கிலோ ஓம் இருந்த இடத்தில் 5 கிலோ ஓம் போட்டால், உள்ளே 0 டிகிரி இருக்கும்போது போர்டு 15 டிகிரி என்று படிக்கும், கம்ப்ரஸர் நிற்காது. 5 இருந்த இடத்தில் 10 போட்டால் கம்ப்ரஸர் சீக்கிரமே நின்றுவிடும், குளிர் போதாது. கதவைத் திறந்தால் உள்பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணை முழுதாகச் சொல்லிக் கேளுங்கள். வாங்கியதையும் ஐஸ் தண்ணீரில் அளந்துவிட்டே போடுங்கள்.

ஒயரை எந்தப் பக்கம் சேர்த்தாலும் ஒன்றுதான், நேர் எதிர் கிடையாது. ஆனால் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினால் சில மாதத்தில் ஈரம் ஏறி மறுபடி அதே கோளாறு வரும். ஒயர் இணைப்பானை நசுக்கிப் பொருத்தி, மேலே உள்பசை உள்ள, சூட்டில் சுருங்கும் குழாய் போடச் சொல்லுங்கள். இப்போதைய ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் எரியக்கூடிய ஆர்600ஏ வாயு இருக்கிறது. அதனால் ஃபிரிட்ஜின் அறைக்குள் லைட்டர் பிடித்துக் குழாயைச் சுருக்க விடாதீர்கள்.

கேள்வி: மேலே ஐஸ் நன்றாக உறைகிறது, கீழே மட்டும் குளிர் இல்லை. கேஸ் தீர்ந்துவிட்டது என்கிறார்கள். (சேலம் வாசகர்)

பதில்: ஃப்ரீசர் எப்போதும்போல் கல்லாக உறைய வைத்தால் கேஸ் இருக்கிறது. கேஸ் தானாகத் தீரும் பொருளும் இல்லை. எங்காவது கசிந்தால்தான் குறையும். உங்கள் ஃபிரிட்ஜில் ஃப்ரீசரின் பின்சுவருக்குள் இருக்கும் குளிர்ச்சுருளை ஐஸ் மூடிக் காற்று வழி அடைபட்டிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கி, கதவுகளைத் திறந்து 24 மணி நேரம் விட்டுப் பாருங்கள். கீழே துணி விரிக்க மறக்காதீர்கள். அதன்பின் ஒரு வாரம், பத்து நாள் நன்றாக ஓடி, மறுபடி அதே நிலை வந்தால், ஐஸைத் தானாகக் கரைக்கும் டீஃப்ராஸ்ட் வேலை செய்யவில்லை என்று பொருள். திறந்து விட்டும் முதல் நாளே மாற்றம் இல்லை என்றால் காற்றாடி மோட்டாரையும் டேம்பரையும் பாருங்கள்.

டீஃப்ராஸ்டில் பார்க்க வேண்டியவை சுருளில் கவ்வியிருக்கும் சென்சார், ஹீட்டர், ஃபியூஸ். சென்சாருக்கு மேலே சொன்ன ஐஸ் சோதனையே போதும். ஹீட்டர் 150 வாட் என்றால் 320 முதல் 350 ஓம் அளவில் காட்டும். ஃபியூஸ் கிட்டத்தட்ட 0 காட்ட வேண்டும். சில மாடல்களில் சென்சாருக்குப் பதில் பைமெட்டல் என்ற வெப்பச் சுவிட்ச் இருக்கும். அது குளிர்ந்தால்தான் இணையும் என்பதால், மேசையில் வைத்து அளந்து இணைப்பு இல்லை என்று அதைக் குப்பையில் போட வேண்டாம். ஐஸைக் கத்தியால் குத்திப் பெயர்க்காதீர்கள். சுருள் ஓட்டையானால் அப்போது உண்மையிலேயே கேஸ் போய்விடும்.

கேள்வி: ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் சென்சார் எங்கே இருக்கும்? (நாகர்கோவில் வாசகி)

பதில்: குளிர்ச்சியைக் கூட்டிக் குறைக்கும் திருகின் நடுவில் உள்ள பட்டனை அழுத்தி ஐஸ் கரைக்கும் வகை என்றால் அனேகமாக இருக்காது. அதில் இருப்பது நீண்ட மெல்லிய குழாயுடன் கூடிய தெர்மோஸ்டாட். குழாயின் நுனி ஃப்ரீசர் தகட்டை விட்டு நழுவியிருந்தாலே கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும். மாற்றுமுன் அதைச் சரியாகக் கவ்வ வைத்துப் பாருங்கள்.

கேள்வி: 10 வருட வாரண்டி என்றார்கள். சென்சாருக்குக் காசு கேட்கிறார்களே? (கோவை வாசகர்)

பதில்: அந்த 10 வருடம் வழக்கமாகக் கம்ப்ரஸருக்கு மட்டும், மற்ற பாகங்களுக்குப் பெரும்பாலும் 1 வருடம். அட்டையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். காசு கொடுத்துப் பழுது பார்த்தால் ஜாப் ஷீட்டில் எந்தப் பாகம், என்ன எண் என்று எழுதி வாங்குங்கள், பழைய பாகத்தையும் கேளுங்கள். மாற்றியதாகச் சொல்லும் பாகம் மாறவில்லை என்று தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும் என்கிறது 2019-ஆம் ஆண்டுச் சட்டம்.