மேடையை விட்டு இறங்கியவர் – கடிதம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தம்பியோடு ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ முதல் பாகத்தை மறுபடி பார்த்தேன். பில்போவாக வரும் பெரியவர் யார் என்று தேடியபோது இயன் ஹோல்ம் பற்றிப் படிக்கக் கிடைத்தது. 1976இல் வசனம் மறந்து நாடகத்தின் பாதியில் இறங்கிப் போனவர், அப்புறம் பல வருடம் மேடைப் பக்கம் வரவில்லையாம். இருபது வருடத்துக்கு மேல் நடித்த ஒருவருக்கு வசனம் மறக்குமா? பயிற்சி போதாததுதானே காரணம்? பயந்து சினிமாவுக்கு ஓடிப்போனவரை ஒலிவியர், கீல்குட் மாதிரியான பெரிய பிரிட்டிஷ் மேடை நடிகர்கள் வரிசையில் வைத்துப் பேசுவது சரியா? பிரிட்டிஷ் நடிப்பு, அமெரிக்க நடிப்பு என்று பிரிக்கிறார்களே, எது உயர்ந்தது? இவர் நடித்ததில் பார்க்க வேண்டிய ஐந்து படங்களை வரிசைப்படுத்திச் சொன்னால் உதவியாக இருக்கும்.

நானும் இரண்டு வருடம் ஒரு நாடகக் குழுவில் இருந்தேன். இப்போது இல்லை.

அன்புடன்,
ச., மதுரை

அன்புள்ள ச.,

முதலில் ஒரு சின்னத் திருத்தம். ஹோல்ம் இல்லை, ஹோம். ‘எல்’ எழுத்தில் உண்டு, வாயில் வராது. நானும் பத்து வருடம் ஹோல்ம் என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன், அதனால் இதில் உங்களைத் திட்டப் போவதில்லை.

திட்ட வேண்டியது வேறு இருக்கிறது.

பிரிட்டிஷா அமெரிக்கனா என்பதை விட்டுவிடுவோம். அது டீ ஆறும்வரை பேசுவதற்கான விஷயம். ஐந்து படப் பட்டியலும் தர மாட்டேன். பட்டியல் கேட்டு எழுதியவர்கள் எனக்கு நிறையப் பேர். அதில் இருந்ததைப் பார்த்துவிட்டோ படித்துவிட்டோ திரும்ப எழுதியவர் என்று ஒருவரைக்கூட நினைவில்லை. ஆனால் ‘பயிற்சி போதாதது’, ‘ஓடிப்போனவர்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருடம் மேடையில் நின்ற ஒருவர் எழுதுகிற வார்த்தையா இது?

ஹோம் 1931இல் எசெக்ஸில் பிறந்தவர். அப்பா மனநல மருத்துவமனை ஒன்றின் தலைமை மருத்துவர். 1954இல் ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கும் வேடத்தில் தொடங்கினார். பத்தே வருடத்தில், 1964இல், அதே ஊர் மேடையில் ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்டும் அவர்தான், ஐந்தாம் ஹென்றியும் அவர்தான். உயரம் ஐந்தரை அடி இருந்தால் அதிகம். (நெப்போலியனாக மட்டும் மூன்று தடவை நடித்திருக்கிறார், அவரே அலுத்துப் போயிருப்பார்.) 1965இல் பிரிட்டிஷ் நாடகாசிரியர் ஹெரால்ட் பின்டரின் ‘ஹோம்கமிங்’, அதில் லெனி என்ற வேடம். அதே வேடத்துக்கு 1967இல் நியூயார்க்கில் டோனி என்ற நாடக விருது. இந்த ஆளுக்குத்தான் பயிற்சி போதவில்லை என்கிறீர்கள்.

1976இல் லண்டனில் அமெரிக்க நாடகாசிரியர் யூஜின் ஓ’நீலின் ‘தி ஐஸ்மேன் கமெத்’. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடும் நாடகம். ஹிக்கி என்ற விற்பனைப் பிரதிநிதியின் வேடம். ஒரு மதுக்கடையில் கூடிக்கிடக்கும் குடிகாரர்களிடம் ‘உங்கள் பகல் கனவுகளை விட்டொழியுங்கள், நிம்மதி வரும்’ என்று உபதேசம் செய்கிறவன் ஹிக்கி. கடைசி அங்கத்தில் அவன் ஒருவனே பேசிக்கொண்டு போகும் பேச்சு பக்கம் பக்கமாக நீளும். ஊருக்கெல்லாம் பயம் தெளிவிக்கிற அந்த வேடத்தில்தான், அரங்கேற்றத்துக்கு முந்தைய முன்னோட்டக் காட்சி ஒன்றில், ஹோமுக்கு வசனம் நின்றுபோனது. இறங்கி ஒப்பனை அறைக்குப் போனார். திரும்ப வரவில்லை. வயது 44.

இதைப் பயிற்சியால் சரிசெய்யலாம் என்பது நாடகம் ஆடாதவர்கள் சொல்வது. வசனத்தை யாரும் நினைவு வைத்துச் சொல்வதில்லை, ச. சைக்கிள் ஓட்டுகிறவன் மிதியை நினைத்தா ஓட்டுகிறான்? எங்கே நிற்கிறோம், கை எங்கே போகிறது, எதிரில் இருப்பவர் எப்போது தலையைத் திருப்புவார், எல்லாம் சேர்ந்து அடுத்த வரியை இழுத்துக்கொண்டு வரும். ஏதோ ஒரு நாள், ஒரு வினாடி, உள்ளே ஒருவன் எழுந்து உட்கார்ந்து ‘அடுத்தது என்ன?’ என்று கேட்பான். அவ்வளவுதான். அந்தக் கேள்வி புதியவனுக்கு வராது. அவனுக்குக் கால் நடுங்கும், வேர்க்கும், ஆனாலும் கத்திச் சொல்லிமுடித்துவிட்டுப் போவான். பழகியவனுக்குத்தான் வரும்.

ஒலிவியர் வரிசை என்றீர்களே, அந்த ஒலிவியருக்கு என்ன நடந்தது தெரியுமா? 1964இல், நேஷனல் தியேட்டருக்கே தலைவராக இருந்தபோது, 57 வயதில் இதே பயம் பிடித்தது. பிடித்தது ஐந்து வருடம் விடவில்லை. ஒதெல்லோவாக நடிக்கும்போது, தான் மட்டும் தனியாக நின்று பேச வேண்டிய இடங்களில், இயாகோவாக நடித்த ஃபிராங்க் ஃபின்லேயிடம் ‘ஒப்பனை அறைக்குப் போய்விடாதே, மேடை ஓரத்து மறைவில், சைடு விங்கில், என் கண்ணில் படுகிற மாதிரி நில்’ என்று கெஞ்சிக் கேட்டிருக்கிறார். நாடகத்தில் யாரை நம்பி ஒதெல்லோ நாசமாகப் போகிறானோ, அவன் ஓரத்தில் நின்றால்தான் ஒலிவியரால் பேச முடிந்தது. ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் ஷைலாக்காக நடித்தபோது, உடன் நடிக்கிறவர்களிடம் ‘என் கண்ணைப் பார்க்காதீர்கள்’ என்று சொல்லிவைத்தார். இன்னொரு பிரிட்டிஷ் நடிகர் டெரெக் ஜாகோபி, ஹாம்லெட்டை நூற்றுக்கணக்கான தடவை ஆடியவர். உலகத்துக்கே மனப்பாடமான அந்த ‘இருப்பதா இல்லாமல் போவதா’ பேச்சைத் தொடங்கப் போகும் நேரத்தில், மறந்துவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு நினைப்பு. அன்றைக்கு எப்படியோ ஒப்பேற்றிவிட்டார். அப்புறம் இரண்டு வருடம் மேடை ஏறவில்லை.

அதனால் வரிசையில் வைக்கலாமா என்று என்னிடம் கேட்காதீர்கள். அந்த வரிசையே இப்படித்தான் நிற்கிறது.

சரி, இனி நான் பேச வந்ததைப் பேசுகிறேன். வசனம் மறந்தவனைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். எடுத்துக் கொடுக்க வேண்டியவனைப் பற்றி யாராவது பேசுகிறோமா? நாடக மேடையில் ப்ராம்ப்டர் என்று ஒரு ஜீவன் உண்டு. அவனுக்கு வேஷம் இல்லை, கைதட்டல் இல்லை. விங்கில் ஸ்டூல் போட்டு நோட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பான். நடிப்பவன் தடுக்கினால் அடுத்த வார்த்தையை நடிப்பவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, முன்வரிசைக்குக் கேட்காத மாதிரி வீச வேண்டும். லண்டன் நாடகக்காரர்கள் மேடையின் இடது புறத்துக்கு ப்ராம்ப்ட் சைடு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், அந்த அளவுக்கு அவன் முக்கியம்.

அவனுடைய வேலையில் கஷ்டம் வசனத்தில் இல்லை. நிறுத்தத்தில்தான். நடிகன் நிற்கிறான். வேண்டுமென்று நிற்கிறானா, மறந்து நிற்கிறானா? கொடுக்கக் கூடாத இடத்தில் கொடுத்தால் ஒரு நல்ல நிறுத்தத்தைக் கெடுத்த பாவம். கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்காவிட்டால் அதைவிடப் பெரிய பாவம். பின்டர் நாடகத்தில் இது நரகம். அவர் மூன்று புள்ளி வைத்தால் ஒரு அளவு, ‘இடைவெளி’ என்று எழுதினால் அதைவிடக் கூட, ‘மௌனம்’ என்று எழுதினால் இன்னும் கூட. ‘ஹோம்கமிங்’ 1973இல் படமாக வந்தது, ஹோம் அதே லெனியாக நடித்திருக்கிறார். நடுராத்திரியில் லெனி தன் அண்ணியின் கையருகே இருக்கும் தண்ணீர்த் தம்ளரை எடுக்கப் பார்க்கிற காட்சி ஒன்று. சாதாரணத் தம்ளர்தான். குடித்தது போதும், எடுக்கிறேன் என்கிறான். இல்லை, இன்னும் முடிக்கவில்லை என்கிறாள். நடுநடுவே இருவரும் பேசாமல் இருக்கிறார்கள். அந்த நிறுத்தங்களில் ஹோமின் முகத்தைப் பாருங்கள். ஒரு தசை அசையாது. மறந்துவிட்டாரோ என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் தோன்றும். அப்படி நிற்கத் தெரிந்தவனுக்கு நிஜமாகவே மறந்தால், ஓரத்தில் இருக்கிற எவனுக்குத் தெரியும்?

எனக்குத் தெரியவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். திருச்சியில் குமாஸ்தா வேலை. அலுவலக மனமகிழ் மன்றத்தில் வருடா வருடம் நாடகம் போடுவார்கள். எனக்கு நடிப்பு வராது, கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால் வசனம் படியெடுப்பதும் எடுத்துக் கொடுப்பதும் என் பொறுப்பு. கதாநாயகனாக நடிப்பவரை நாங்கள் எல்லோரும் ‘சார்’ என்றே கூப்பிடுவோம். பதினைந்து வருடமாக அந்த மேடையில் அப்பா, ஜமீன்தார், நீதிபதி எல்லாம் அவர்தான். ஒரு நாளும் அவருக்கு நான் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்ததில்லை. பேசிக்கொண்டே வந்து சட்டென்று நிறுத்துவார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார், கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும், அப்புறம் தாழ்ந்த குரலில் அடுத்ததைச் சொல்வார். எங்கள் ஊரில் அந்த நிறுத்தத்துக்கென்றே வருகிறவர்கள் இருந்தார்கள்.

அன்றைக்கும் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

அந்த இரண்டாவது தடவையில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பென்டார்ச்சை நோட்டுமேல் பிடித்துக்கொண்டு, ‘என்ன நடிப்புடா’ என்று ரசித்துக்கொண்டிருந்தேன். அவர் மெல்ல என் பக்கம் திரும்பினார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. நோட்டைப் பார்க்கிறேன், எழுத்து ஓடுகிறது, இடம் தெரியவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது அவரை, நோட்டை இல்லை. அம்மா வேடம் போட்டிருந்த பெண் ‘உள்ளே வாங்க, காப்பி ஆறுது’ என்று சொந்தமாக ஒரு வரி போட்டு அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். மீதி நாடகத்தை மகனாக நடித்தவன் ‘அப்பாவுக்கு முடியல’ என்று சொல்லி முடித்துவைத்தான்.

சார் ஒப்பனை அறையில் டிரங்குப் பெட்டிமேல் விக்கோடு உட்கார்ந்திருந்தார். ஒருவரையும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் நாடகம் நடந்தது. சார் முன்வரிசையில் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துவிட்டுப் போவார். ‘பயந்துட்டாரு’ என்று மன்றத்தில் பேசிக்கொண்டார்கள். உங்கள் கடிதத்தில் இருக்கிற அதே தொனி. நானும் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் எனக்கு ஹோம் நடித்ததில் மற்ற எல்லாவற்றையும்விட ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ பிடிக்கும். மேடையை விட்டு ஐந்து வருடம் கழித்து, 1981இல் வந்த படம். சாம் முஸ்ஸாபினி என்ற பயிற்சியாளர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் இவரிடம் பழகிய ஹரால்ட் ஆப்ரகாம்ஸ் 100 மீட்டர் ஓடுகிறார். இவர் காசு வாங்கிக்கொண்டு பயிற்சி தருகிறவர், அது அந்தக் காலத்து கனவான்களுக்கு ஆகாது. அதனால் அரங்கத்துக்குள் இல்லை, பக்கத்தில் ஒரு விடுதி அறையில் இருக்கிறார். ஓட்டம் அவர் கண்ணில் படாது. ஜன்னல் வழியாக பிரிட்டன் கொடி ஏறுவது தெரிகிறது, தேசிய கீதம் கேட்கிறது. கட்டிலில் உட்கார்ந்து தன் வைக்கோல் தொப்பியை ஒரே குத்தில் ஓட்டையாக்குகிறார். ‘என் மகனே’ என்கிறார், அவ்வளவுதான். ஆஸ்கருக்குப் பரிந்துரை ஆனார், அந்த வருடம் பரிசு கீல்குட்டுக்குப் போனது. போகட்டும். உள்ளே நடப்பதை வெளியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது என்னவென்று அந்த முகத்துக்குத் தெரிந்திருக்கிறது. இதையா ஓடிப்போனது என்கிறீர்கள்?

திரும்பியும் வந்தார். நடுவில் சின்ன அரங்கில் ஒன்றிரண்டு செய்ததைத் தவிர ஏறக்குறைய பதினேழு வருடம். 1993இல் லண்டன் அல்மெய்டா அரங்கில் பின்டரின் ‘மூன்லைட்’. சாகக் கிடக்கிற ஒருவர், படுக்கையில் கிடந்தபடி பேசுகிற வேடம். நிற்கப் பயந்தவரைப் படுக்கவைத்துக் கூட்டி வந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வருடம் கழித்து, 65 வயதில், நேஷனல் தியேட்டரின் சின்ன அரங்கில் லியர் அரசர். புயல் காட்சியில் உடம்பில் துணி இல்லாமல் நின்றார். அதை டிவிக்காக எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குள்ள உடம்பு நனைந்து நடுங்குகிறது, வசனம் மட்டும் நடுங்கவில்லை. 1998இல் அதற்கு ஒலிவியர் பெயரிலான விருதே கிடைத்தது. சர் பட்டமும் அதே வருடம்தான். 2020இல் பார்கின்சன்ஸ் நோயோடு 88 வயதில் போய்ச் சேர்ந்தார்.

எங்கள் சார் திரும்பி வரவில்லை. அவரைப் படுக்கவைத்துக் கூட்டி வர எங்கள் மன்றத்தில் யாருக்கும் தோன்றவில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளைப் பலமுறை படித்தேன். ‘இப்போது இல்லை’ என்பதற்குமேல் நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கப் போவதில்லை. அன்றைக்கு உங்கள் விங்கில் யார் இருந்தார்கள் என்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசை.

சாரைக் கடைசியாகப் பார்த்தது அவர் ஓய்வு பெற்று இரண்டு மூன்று வருடம் கழித்து, சத்திரம் பேருந்து நிலையத்தில். நான் என்னென்னவோ விசாரித்தேன். பேத்தி, முழங்கால் வலி, வெயில். பேருந்து உறுமிக்கொண்டு வந்து நின்றதும் பையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஏறப் போனவர் திரும்பி, கண்ணாடியைக் கழற்றாமல், அந்த வசனத்தை முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். பின்னால் நின்றவர்கள் இடித்துக்கொண்டு ஏறினார்கள். ‘சரியா இருக்கா, தம்பி?’ என்றார்.

இருக்கிறது சார் என்றேன். நோட்டு எப்போதோ தொலைந்துபோயிருந்தது.