ஹமுராபி எழுதாத மொய்

கேள்வி: சுமேரியா, பாபிலோன் போன்ற ஆதி நதிக்கரை நாகரிகங்கள் இன்றைய சட்டத்துக்கு ஆற்றிய பங்களிப்பு என்ன? உலகின் முதல் சட்டத்தைத் தந்தவர் ஹமுராபிதானா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: பங்களிப்பு! இந்தச் சொல்லைப் பார்த்தாலே எனக்குக் கல்யாண மண்டப வாசலில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கும் பெரியப்பாதான் ஞாபகத்துக்கு வருகிறார். ‘பாபிலோன் ஹமுராபி, சட்டம் 282. எகிப்து மாமா, பாப்பிரஸ் ஒரு கட்டு.’ பாடநூல்களில் எல்லா நாகரிகங்களும் இப்படித்தான் வரிசையில் நின்று நமக்கு மொய் எழுதிவிட்டுப் பந்திக்குப் போகின்றன.

ஹமுராபி நமக்கு மொய் எழுதவில்லை. பாபிலோனின் அரசரான அவர், கி.மு. 18-ஆம் நூற்றாண்டில் தன் பெருமைக்காகத் தன் சட்டங்களைப் பொறித்து, ஏழடிக்கு மேல் உயரமான ஒரு கருங்கல்லை நட்டார். கி.மு. 12-ஆம் நூற்றாண்டில் ஏலாம் நாட்டு அரசன் அதைக் கொள்ளையடித்து, இன்றைய ஈரானில் இருக்கும் சூசாவுக்குக் கொண்டுபோனான். கல்லின் கீழ்ப்பகுதியில் சில பத்திகளைச் செதுக்கி எடுத்தான். தன் புகழைப் பொறிக்க இடம் பிடித்தானாம், கடைசிவரை பொறிக்கவில்லை. சுவருக்கு வெள்ளையடித்து ‘ரிசர்வ்டு’ என்று எழுதிவிட்டுத் தேர்தலில் நிற்காமலே போன கட்சி மாதிரி. அப்புறம் 1901-02இல் பிரெஞ்சுக்காரர்கள் தோண்டியெடுக்கும்வரை கல் மண்ணுக்குள்தான் கிடந்தது. இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

களிமண் பலகைகளில் மாணவர்கள் பல நூற்றாண்டுகள் அந்தச் சட்டங்களைப் பார்த்து எழுதிப் பழகினார்கள், உண்மைதான். ஆனால் அந்தக் கால வழக்குப் பலகைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருந்தும், ‘ஹமுராபி சட்டப்படி’ என்று சொல்லும் தீர்ப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அந்த 282 சட்டங்களில் எனக்குப் பிடித்தது 229 முதல் 233 வரை. கட்டியவன் உறுதியாகக் கட்டாமல், வீடு இடிந்து உரிமையாளர் செத்தால் கட்டியவனுக்கு மரணம். உரிமையாளரின் மகன் செத்தால் கட்டியவனின் மகனுக்கு மரணம். இதைப் படிக்கும்போது வயிறு கலங்குகிறது. ஆனால் 233? சுவர் சரியில்லாமல் சாய்ந்தால், கட்டியவன் தன் சொந்த வெள்ளியைப் போட்டு அதைச் சரிசெய்ய வேண்டும். என் வீட்டு மாடிக் குளியலறைச் சுவரில் மூன்று வருடமாக ஓதம் அடிக்கிறது. கட்டிய கான்ட்ராக்டரிடம் பாபிலோனில் இப்படி ஒரு சட்டம் இருந்தது என்று சொன்னேன். “அப்ப கூலி என்ன சார்?” என்று கேட்டார். அதுவும் இருக்கிறது: ஒரு சாருக்கு 2 ஷெக்கெல் வெள்ளி. ஷெக்கெல் என்பது அந்தக் கால எடை, ஏறக்குறைய எட்டு கிராம். சார் என்பது அங்கே மரியாதைச் சொல் அல்ல, பரப்பளவு. நம் கணக்கில் 390 சதுர அடி இருக்கும். அவர் வெள்ளி விலையை மனதுக்குள் போட்டுப் பார்த்துவிட்டு, “அந்தக் காலத்திலயும் மெட்டீரியல் பார்ட்டியோடதா?” என்றார். சுவரில் இன்னும் ஓதம் அடிக்கிறது.

மன்னார்குடிக்காரரான உங்களுக்கு 53 முதல் 55 வரையிலான சட்டங்களை விளக்கவே வேண்டாம். கரையைப் பலப்படுத்தாமல் சோம்பியிருந்து, அது உடைந்து ஊரார் பயிர் போனால், போன தானியத்தை அவன் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் அவனையும் அவன் சொத்தையும் விற்று, வந்த பணத்தைப் பயிர் இழந்தவர்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம். மடையைத் திறந்துவிட்டு அசட்டையாக இருந்து, அடுத்தவன் வயல் மூழ்கினாலும் தானியம் அளக்க வேண்டும். நதிக்கரையில் சட்டம் பிறந்தது இந்த மாதிரி வாய்க்கால் சண்டையில்தான். மனித குலத்துக்கு நன்கொடை தரும் உத்தேசம் யாருக்கும் இருந்ததில்லை.

சரி, முதல் சட்டமா? இல்லை. நமக்குக் கிடைத்திருப்பவற்றில் பழையது ஊர்-நம்மு என்ற சுமேரிய அரசனின் பெயரில் உள்ள சட்டம். ஹமுராபிக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. மூத்ததுதான் சாதுவும்கூட: அதில் கண்ணைக் குத்தியவனுக்கு அரை மினா, அதாவது ஏறக்குறைய கால் கிலோ வெள்ளி அபராதம். ‘கண்ணுக்குக் கண்’ பிறகு ஹமுராபியிடம் வந்தது. அதுவும் மேல்தட்டு ஆளின் கண்ணுக்கு மட்டும். சாதாரண ஆளின் கண்ணுக்கு ஒரு மினா வெள்ளி. அடிமையின் கண்ணுக்கு அவன் விலையில் பாதி.

ஊர்-நம்மு பெயரை எழுதவே கை நடுங்குகிறது. முன்பொரு முறை இந்தப் பக்கத்தில் எழுதினேன். ‘திருப்பிப் போட்டால் நம்ம ஊர்’ என்று ஒரு வாசக அன்பர் பதினாறு பக்கக் கட்டுரை அனுப்பினார். ஐயா, அந்தப் பெயரில் வரும் ‘ஊர்’ நகரமே இல்லை. ‘வீரன்’ என்று பொருள். நம்மு என்பது ஒரு பெண் தெய்வம். அவன் ஆண்ட ‘ஊர்’ என்ற நகரத்தை அவர்கள் ‘உரிம்’ என்றுதான் சொன்னார்கள் என்று பதில் போட்டேன்.

அடுத்த வாரமே இருபத்திரண்டு பக்கம் வந்தது. தலைப்பு: ‘உரிமை’.