பாடக்குறிப்பைத் தேதி வரிசையில் எழுதுங்கள்

கேள்வி: பி.எட். இரண்டாம் ஆண்டு மாணவி நான். அரசு உயர்நிலைப் பள்ளியில் பயிற்சிக்காக ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். பாடக்குறிப்புகள் தாள் தாளாகச் சிதறிக் கிடக்கின்றன. வழிகாட்டி ஆசிரியர் ஒரு வரிசையில் பாடம் நடத்தச் சொல்கிறார். கல்லூரி வேறு வரிசையில் ரெக்கார்டு கேட்கிறது. எப்படி ஒழுங்குபடுத்துவது? பணம் வாங்கிக்கொண்டு எழுதித் தருபவர்களிடம் கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நீளமான நோட்டு ஒன்று வாங்குங்கள். இரண்டு வகுப்புக்கும் அது ஒன்றே போதும். அலகுவாரியாகப் பிரிக்காமல் தேதி வரிசையில் எழுதுங்கள். இடப்பக்கத்தில் வகுப்புக்கு முந்தைய நாளே எழுதும் குறிப்பு. வலப்பக்கத்தில், வகுப்பு முடிந்ததும், நடந்ததைப் பற்றி மூன்று வரி. அன்றே வழிகாட்டி ஆசிரியரின் கையெழுத்து. நோட்டின் கடைசியில் அலகின் பெயரும் பக்க எண்ணும் கொண்ட அட்டவணை. கல்லூரி எந்த வரிசையில் கேட்டாலும் அதைப் பார்த்து எடுத்தெழுதிவிடலாம்.

குறிப்பைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். ஏழாம் வகுப்பு அடர்த்திப் பாடத்துக்கு ‘அடர்த்தியைப் புரிந்துகொள்வர்’ என்று நோக்கம் எழுதினால், புரிந்ததா என்று எதை வைத்துப் பார்ப்பீர்கள்? ‘நிறையும் பருமனும் கொடுத்தால் அடர்த்தியைக் கணக்கிடுவர்’ என்று எழுதுங்கள். இறுதி ஐந்து நிமிடத்துக்கான கணக்கை முதலில் போடுங்கள்: நிறை 270 கிராம், பருமன் 100 கன சென்டிமீட்டர், அடர்த்தி எவ்வளவு? அதற்கு வேண்டியதை மட்டும் முன்னால் நிரப்புங்கள். ஆர்வமூட்டலுக்கு ஒரு வாளித் தண்ணீர், ஓர் இரும்பு ஆணி, அதைவிடக் கனமான மரக்கட்டை. ஆணி மூழ்கும், கட்டை மிதக்கும். பிள்ளைகளே காரணம் கேட்பார்கள். வாளி கொண்டுவரும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

இனி, எழுதித் தருபவர்கள். ஒரே குறிப்பைப் பலருக்கு விற்பதுதான் அவர்கள் தொழில். பழைய பாடப்புத்தகத்துக்கு எழுதியதை மேலட்டை மாற்றித் தருவார்கள். செய்முறைத் தேர்வுக்கு வரும் புறத்தேர்வாளர் முன் ஒரே பிழையுடன் இரண்டு ரெக்கார்டுகள் இருந்தால் இருவரும் மாட்டிக்கொள்வீர்கள். ‘இந்த நோக்கத்தை ஏன் எழுதினீர்கள்?’ என்று அவர் கேட்டால் பணம் வாங்கியவர் வந்து பதில் சொல்ல மாட்டார். பள்ளிக்குப் போகாமலே வருகைச் சான்று வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகர்கள் இன்னும் மோசமானவர்கள். அவர்களுடைய எண்ணைக்கூட வைத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த வியாபாரத்துக்குத் தீனி போடுவது நம் கல்விமுறைதான். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் பி.எட். படிப்பை இரண்டாண்டாக்கிப் பள்ளி அனுபவத்துக்கு 20 வாரம் ஒதுக்கின. அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில். மாணவர்களோடு இருப்பதற்காகத் தந்த காலம் அது. அதை வண்ண மையில் தலைப்பெழுதும் காலமாக்கிவிட்டோம். ரெக்கார்டைத் திருத்துபவர்கள் பக்கத்தை எண்ணுகிறார்கள், படிப்பதில்லை.

தேதி வரிசையில் ஒரே ஒரு சிக்கல் வரும்: குறிப்பு எழுதியும் நடக்காத வகுப்பு. மழை விடுமுறை, திடீர்க் கூட்டம், ஏதாவது இருக்கும். அப்போது தேதியை அடித்துத் திருத்தாதீர்கள். வலப்பக்கத்தில் ‘நடைபெறவில்லை’ என்று காரணத்துடன் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அந்தப் பாடத்தை நடத்தும் நாளில் புதுப் பக்கத்தில் பழைய பக்க எண்ணைக் குறித்தால் போதும், மறுபடி எழுத வேண்டாம். ‘அ’ பிரிவில் நடந்து ‘ஆ’ பிரிவில் நடக்காமல் போனால், குறிப்பு ஒன்றுதான். வலப்பக்கத்தில் மட்டும் இரண்டு பதிவுகள். பாதியில் நின்றுபோனால், நின்ற இடத்தில் கோடு போட்டு, மீதியை அடுத்த பாடவேளையின் தொடக்கமாக வையுங்கள். ஆசிரியர் வராத வகுப்பில் உங்களை உட்காரவைத்த பாடவேளையையும் உள்ளபடியே எழுதுங்கள். அதற்கும் ஒரு பாடக்குறிப்பு எழுதிச் சேர்க்கச் சொன்னால், பணிவாக மறுத்துவிடுங்கள்.