டார்க் பிரவுன் லெதர் சோபா வந்தபின் ஹால் இருட்டடிக்கிறது. சுவர், திரை, விரிப்பை எப்படி அமைப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: காட்பாடியில் 12க்கு 16 அடி ஹால், வெள்ளை வெட்ரிஃபைடு டைல்ஸ், தேக்குக் கதவு, சந்தன நிறச் சுவர், மேற்கே ஒரு ஜன்னல், ஏழடி நீளத்தில் மூன்று பேர் சோபா. ஆம்பூரில் தெரிந்தவர் மூலம் அதே நிறத் தோல் வாங்கி, குஷனும் ஒரு ஸ்டூலும் தைத்து மேட்ச் செய்துவிடலாமா?

தைக்க வேண்டாம். சோபா பிரவுனாக இருப்பதால் ஹால் இருட்டுவதில்லை. கதவு தேக்கு, டிவி யூனிட் தேக்கு நிற மைக்கா, சுவர் சந்தனம் என்று எல்லாம் ஒரே சாயலில் கூடிவிட்டதால்தான் எது எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. இதில் பிரவுன் குஷனும் சேர்ந்தால் சோபாவே காணாமல் போகும்.

தோல் பக்கமாகப் பார்த்தாலும் அந்த யோசனை சரிவராது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரிகளில் (தோல் பதனிடும் ஆலைகளில்) பெருவாரியாக ஓடுவது ஷூ மேல்தோலும் பை, பெல்ட்டுக்கான தோலும். ஆட்டுத்தோல் ஒன்றில் ஐந்தாறு சதுர அடிதான் தேறும். ஸ்டூல் மேல்பாகத்துக்கு அது ஒட்டுப்போடாமல் போதலாம், ஆனால் ஷூ தோலின் ஃபினிஷ் வேறு. உட்கார்ந்து எழும் உரசல், வியர்வை, ஜன்னல் வெயில் இவற்றைத் தாங்கும் பூச்சு சோபாத் தோலுக்குத் தனியாகக் கொடுக்கப்படுகிறது. அதோடு, ஒரே பெயரில் வரும் பிரவுன்கூட லாட்டுக்கு லாட் மாறும். கால் ஷேடு வித்தியாசம் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும், தெரிந்தபின் கண் அங்கேயே போய் நிற்கும். ஸ்டூல் வேண்டியே தீரும் என்றால் மூன்று ஷேடு வெளுத்த டேன் (இளம்பழுப்பு) நிறத்தில் தையுங்கள். வேண்டுமென்றே மாற்றிப் போட்டது போல் இருக்கும், தப்பிப்போனது போல் இருக்காது.

சுவருக்கு வருவோம். காலை பத்து மணி வாக்கில், விளக்கெல்லாம் அணைத்துவிட்டு, சோபா சீட்டின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். தாளின் ஓரத்தில் பார்த்தால் தோல் சிவப்புச் சாயலா, மஞ்சள் சாயலா, சாம்பல் கலந்த சாக்லேட்டா என்று பிரிந்து தெரியும். பிரவுன் என்பது அடர்த்தியான, மங்கிய ஆரஞ்சு. அதனால் ஆரஞ்சுக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும் நீலமும் நீலப்பச்சையும் அதை எடுத்துக் காட்டும். சிவப்புச் சாயல் என்றால் மங்கிய பச்சை, மஞ்சள் சாயல் என்றால் சாம்பல் கலந்த நீலம், சாக்லேட் என்றால் லேசான கதகதப்புள்ள ஆஃப் ஒயிட். பச்சையோ நீலமோ என்றால் அதை நாலு சுவரிலும் அடிக்க வேண்டாம். சோபாவுக்கு எதிர்ச்சுவரில் ஒன்று மட்டும் போதும், மற்ற மூன்றும் ஆஃப் ஒயிட். சோபாவின் பின்சுவரை அடர்நிறமாக்கினால் சோபாவின் வெளிக்கோடு அதில் கரைந்துவிடும், இப்போது இருக்கும் குறை அப்படியே தொடரும்.

16 அடி நீளம், 10 அடி உயரச் சுவர் 160 சதுர அடி. நல்ல எமல்ஷன் லிட்டருக்கு இரண்டு கோட்டில் ஏறக்குறைய 60 முதல் 70 சதுர அடி வரும், ஆக இரண்டரை லிட்டர். அதற்கு முன் சிறிய சாம்பிள் டப்பா வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி அட்டையில் அடித்து சோபாவுக்குப் பக்கத்தில் சாய்த்து வையுங்கள். பகலில் ஒரு தரம், ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தரம் பார்க்க வேண்டும். கடையில் ஷேடு கார்டை மட்டும் பார்த்து நிறம் சொல்லிவிட்டு வருவதுதான் பெயின்ட் வேலையில் அதிகம் காசு கரையும் இடம்.

ராத்திரி பார்க்கச் சொல்வதற்குக் காரணம் விளக்கு. நம் வீடுகளில் சுவரில் ஒரு 20 வாட் எல்இடி டியூப் இருக்கும், 6500 கெல்வின் வெள்ளை. கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிற அளவு, எண் கூடினால் நீலம் கூடும், குறைந்தால் மஞ்சள் கூடும். அந்த வெளிச்சத்தில் நீலம் கூடுதல், சிவப்புக் குறைவு. பிரவுன் தோலுக்கு உயிரே அந்தச் சிவப்புதான், அது கிடைக்காவிட்டால் தோல் கரியேறிய சட்டி போலத் தெரியும். சுவரை மாற்றும் முன்பே டியூபை 4000 கெல்வினுக்கு மாற்றிப் பாருங்கள். சோபாவின் ஒரு மூலைக்குப் பின்னால் ஒரு ஸ்டாண்டிங் லேம்ப், எதிர் மூலையில் ஒரு மேசை விளக்கு, இரண்டிலும் 9 வாட், 3000 கெல்வின் பல்பு. பெட்டியில் சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 90 என்று போட்டிருந்தால் அதையே எடுங்கள், நிறம் பொய் சொல்லாது. 192 சதுர அடிக்கு மொத்தம் 3500 லூமன் (வெளிச்சத்தின் அளவு) வாக்கில் இருந்தால் தாராளம். மேலே சொன்ன மூன்றும் சேர்ந்தால் அந்தக் கணக்கு வந்துவிடும். ஒரே விளக்கை இன்னும் பவராக மாட்டுவதில் பயனில்லை, வெள்ளை டைல்ஸ் அதைக் கண்ணாடி போல் திருப்பியடித்துக் கண் கூசும், சோபா இன்னும் கறுக்கும்.

மேற்கு ஜன்னலை அழகுக்காக மட்டும் யோசிக்காதீர்கள். சித்திரை, வைகாசியில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மூன்று மணிக்கு மேல் சாய்ந்து உள்ளே விழும் வெயிலில் தோல் வெளுக்கும், எண்ணெய்ப்பசை வறண்டு வெடிக்கும். சோபாவை ஜன்னலிலிருந்து மூன்றடியாவது தள்ளிப் போடுங்கள், ஏசி காற்றும் நேரே அதன்மேல் அடிக்கக் கூடாது. திரை இரண்டடுக்காக இருக்கட்டும்: உள்ளே மெல்லிய வெள்ளை, வெளியே லைனிங் வைத்த பருத்தி.

துணிக்கணக்கு: நாலடி அகல ஜன்னலுக்கு ராடு ஐந்தரை அடி. சுருக்கம் நன்றாக விழ அதன் இரண்டு மடங்கு, அதாவது 11 அடி அகலம் துணி தேவை. கடையில் 48 அங்குலப் பன்னா (துணியின் அகலம்) என்றால் மூன்று அகலம். ராடைத் தரையிலிருந்து ஏழரை அடி உயரத்தில் வைத்துத் தரை வரை இறக்கினால், மடிப்புக்குப் பத்து அங்குலம் சேர்த்து ஓர் அகலத்துக்கு 2.6 மீட்டர். மொத்தம் 8 மீட்டர் கேளுங்கள். ஜன்னல் அளவுக்கே குட்டையாகத் தைத்துத் தொங்கவிடுவது வழக்கம்தான், ஆனால் கீழே கனமான சோபா, மேலே பாதியில் நிற்கும் துணி என்று ஹால் தாழ்ந்து தெரியும்.

தரைக்கு, என் தேர்வு பவானி ஜமக்காளம். கோடுகள் இருப்பதால் வெள்ளை டைல்ஸின் வெறுமை போகும், கனத்த முடி இல்லாததால் நம் ஊர்த் தூசி உள்ளே தங்காது, உதறினால் தீர்ந்தது. ஏழடி சோபாவுக்கு 5க்கு 8 அடிக்குக் குறையாமல் எடுங்கள். சோபாவின் முன்கால்கள் எட்டு அங்குலம் அதன்மேல் ஏறி நிற்க வேண்டும். நடுவில் 3க்கு 5 விரிப்பு ஒன்றைப் போட்டால் கால் மிதியடி போலத்தான் இருக்கும். டைல்ஸில் வழுக்கும், அடியில் ரப்பர் வலை அவசியம்.

சென்டர் டேபிள் மரத்தில் வேண்டாம், கண்ணாடி, பிரம்பு அல்லது கறுப்பு இரும்பு. சீட் உயரத்துக்கு ஓர் அங்குலம் குறைவாக, சோபாவிலிருந்து 16 முதல் 18 அங்குலம் தள்ளி. குஷன் மூன்று போதும், கைத்தறி, காதி மாதிரி சொரசொரப்பான துணியில். பட்டு தோல்மேல் வழுக்கிக்கொண்டே இருக்கும், ஜரிகையும் கண்ணாடி வேலைப்பாடும் கீறல் போடும். மூலையில் ஒரு பச்சைச் செடி, நீலப்பச்சை மெருகுள்ள ஒரு கரிகிரி மண்பாண்ட ஜாடி. பித்தளை ஒன்றோ இரண்டோ நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி அலங்காரத்தில் பலரும் யோசிக்காத ஒன்று: தேங்காய் எண்ணெய். சாயும் இடத்தில் தலை எண்ணெய் இறங்கி ஓரிரு வருடத்தில் வட்டமாகக் கறுக்கும், பிறகு அங்கே மேல்பூச்சு இளகி உரியும். உள்ளே இறங்கியதைத் திரும்ப எடுப்பது கடினம். குஷன் துணியிலேயே 18 அங்குல அகலத்தில் மூன்று துண்டு தைத்து, சாய்வின் மேல் மடித்துப் போட்டு வாரம் ஒருமுறை துவையுங்கள். கோடையில் வெற்றுடம்போடு சாய்ந்தால் ஒட்டும், சீட்டுக்கும் ஒரு பருத்தி விரிப்பு வேண்டும். பளபளப்புக்காகத் தோலில் எண்ணெய் தடவச் சொல்பவர்களையும், வெட் டிஷ்யூ, சானிடைசர் போட்டுத் துடைப்பவர்களையும் சோபாப் பக்கம் விடாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஓதம் காத்தால் பின்பக்கம் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும். சுவருக்கும் சோபாவுக்கும் ஐந்து அங்குல இடைவெளி விட்டு, வாரம் ஒருநாள் இழுத்துப் போட்டு மின்விசிறிக் காற்றுப் படவையுங்கள். பூத்துவிட்டால் காய்ந்த துணியால் வெளியே உதறும்படி துடைத்து, ஒரு மக் தண்ணீரில் நாலு சொட்டு பேபி ஷாம்பு கலந்து, பிழிந்த துணியால் ஒற்றி, உடனே உலர்த்துங்கள். முதலில் சீட்டுக்கு அடியில் மறைவான இடத்தில் ஒற்றிப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் அது பூச்சில்லாத அனிலின் தோல், தண்ணீரே படக் கூடாது.