சினைப்பைக் கட்டியை அகற்றிய பிறகு...

கேள்வி: எனக்கு வயது 28. இடது சினைப்பையில் இருந்த 7 செ.மீ. டெர்மாய்டு கட்டியை (முடி, கொழுப்பு போன்றவை நிறைந்த கட்டி) சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி மூலம் அகற்றி, மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வயிற்றைவிட வலது தோள்பட்டைதான் அதிகம் வலிக்கிறது. வீட்டிலோ கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது, ஒரு மாதம் பத்தியம் என்கிறார்கள். எப்போது வேலைக்குச் செல்லலாம்? பின்னாளில் குழந்தை பெறுவதில் சிக்கல் வருமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: தோள்பட்டை வலி கண்டு அஞ்ச வேண்டாம். உறுப்புகள் தெளிவாகத் தெரிவதற்காக வயிற்றுக்குள் செலுத்தப்பட்ட கார்பன் டை ஆக்ஸைடு வாயுவில் எஞ்சியிருப்பது, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துகிறது. உதரவிதானத்துக்கும் தோளுக்கும் செல்லும் நரம்புகள் தண்டுவடத்தின் ஒரே பகுதியிலிருந்து கிளம்புவதால், அந்த உறுத்தலை மூளை தோளின் வலியாக உணர்கிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில் தணிந்துவிடும். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்து வந்தால் மட்டும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கட்டிலிலேயே படுத்திருக்கச் சொல்வது அக்கறையினால்தான் என்றாலும், அது உங்களுக்கு நன்மை செய்யாது. அசையாமல் கிடந்தால் கால் ரத்தக்குழாய்களில் ரத்தம் உறையும் அபாயம் கூடும், குடல் இயக்கமும் மந்தமாகும். எனவே வீட்டுக்குள்ளேயே சிறிது சிறிதாக, நாளுக்கு நான்கைந்து முறையேனும் நடந்து, களைப்புத் தோன்றியதும் படுத்துக்கொள்ளுங்கள். மயக்க மருந்தும் சில வலி மாத்திரைகளும் மலச்சிக்கலை உண்டாக்கும்; அந்நேரத்தில் தண்ணீரையும் குறைத்துக்கொண்டால், முக்கி முக்கியே தையல் உள்ள இடம் வலிக்கும். முட்டை, மீன், பருப்பு, கீரை, பழம் என எல்லாம் உண்ணலாம். புண் ஆறுவதற்குப் புரதம் தேவைப்படும் நேரத்தில் 'சீழ் பிடிக்கும்' என்று முட்டையையும் மீனையும் ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. இருமும்போதும் தும்மும்போதும் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டால் வலி குறையும்.

சில நாட்கள் இலேசான உதிரப்போக்கு இருக்கலாம்; அடுத்த மாதவிலக்கு தேதி தள்ளியும் போகலாம். உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் ஓரிரு வாரங்களில் திரும்பிவிடலாம், ஆனால் நிறைகுடம், கேஸ் சிலிண்டர் போன்ற கனமானவற்றை ஒரு மாதம் வரையேனும் தூக்காதீர்கள். வயிற்றைத் திறந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இதற்கெல்லாம் ஏறத்தாழ ஆறு வாரங்கள் ஆகும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினாலோ, வலி நாளுக்கு நாள் குறையாமல் கூடினாலோ, தையலில் சீழ், ஓயாத வாந்தி, சிறுநீர் பிரியாமை, ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினாலோ, தையல் பிரிக்கும் நாள் வரட்டும் என்று காத்திராமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

குழந்தைப்பேறு பற்றிய உங்கள் கவலை இயல்பானது. கட்டியை மட்டும் உரித்தெடுத்திருந்தால், எஞ்சிய சினைப்பைத் திசு தொடர்ந்து இயங்கும். ஒரு சினைப்பையையே அகற்ற நேர்ந்திருந்தாலும், மற்றொன்று நலமாக இருந்தால் மாதவிலக்கும் வரும், கருவும் தங்கும். எண்டோமெட்ரியோசிஸால் (கருப்பையின் உட்சுவரைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) வரும் 'சாக்லேட் சிஸ்ட்' அகற்றப்பட்டவர்களுக்குத்தான் சினைமுட்டை இருப்பு குறையவும் கட்டி மீண்டும் வரவும் வாய்ப்பு அதிகம்; அவர்கள் குழந்தைக்கான திட்டத்தை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. டெர்மாய்டு மறுபக்கச் சினைப்பையிலும் தோன்றக்கூடும் என்பதால், மருத்துவர் சொல்லும் கால இடைவெளியில் ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அகற்றிய கட்டியைப் பயாப்ஸி பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்கள். அது எந்த வகைக் கட்டி என்பதை உறுதி செய்வது அந்த அறிக்கைதான். வலி நின்றதும் அதை மறந்துவிடாமல், அடுத்த முறை செல்லும்போது கேட்டு வாங்கி, அறுவை சிகிச்சைக் குறிப்புடன் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் கருத்தரிப்புக்காக எந்த மருத்துவரிடம் சென்றாலும், அவர் இந்த இரண்டையும் கேட்பார்.