ஒரே கம்ப்யூட்டரில் கேமும் லைவும்: கேள்வி பதில்

கேமையும், அதை நெட்டில் லைவாக அனுப்பும் ஓபிஎஸ் என்ற மென்பொருளையும் ஒரே மெஷினில் ஓட்டுகிறவர்கள் கேட்டவை இவை. ஒன்றை மட்டும் முதலில் செய்துவிடுங்கள். ஓபிஎஸ்ஸில் ‘டாக்ஸ்’ மெனுவுக்குப் போய் ‘ஸ்டாட்ஸ்’ பேனலைத் திறந்து, கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். அந்தப் பேனலைப் பார்க்காமல் செட்டிங்கை மாற்றினால், சரியாக இருந்ததும் கெட்டுப்போகும்.

கேள்வி: அண்ணா, லைவ் போடும்போது எனக்கு கேம் 130 எஃப்பிஎஸ்ல நல்லாத்தான் ஓடுது. ஆனா பார்க்கிறவங்க எல்லாரும் வெட்டி வெட்டி வருதுங்கறாங்க. பிட்ரேட்டைக் குறைச்சுப் பார்த்துட்டேன், மாறலை. நெட் பிரச்னையா?

பதில்: பிட்ரேட்டை, அதாவது செகண்டுக்கு அனுப்பும் டேட்டா அளவை, குறைத்தும் மாறவில்லை என்றால் அநேகமாக நெட் இல்லை. ஸ்டாட்ஸ் பேனலில் மூன்று எண்ணிக்கைகள் இருக்கும். ‘ரெண்டரிங் லேக்’ ஏறினால் ஜிபியூவில் (கிராஃபிக்ஸ் கார்டில்) இடமில்லை. ‘என்கோடிங் லேக்’ ஏறினால் வீடியோவைச் சுருக்கும் என்கோடரால் ஈடுகொடுக்க முடியவில்லை. ‘டிராப்டு ஃபிரேம்ஸ்’ ஏறினால்தான் நெட். பார்க்கிறவருக்கு மூன்றுமே ஒரே மாதிரி வெட்டலாகத் தெரியும், மருந்து மட்டும் வேறு வேறு.

நீங்கள் சொல்வது முதலாவது வகை போலத் தெரிகிறது. என்விடியா கார்டில் என்கோடிங்குக்குத் தனிச் சில்லு இருப்பதால் ஜிபியூவுக்கு வேலையே இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் கேம் படம், வெப்கேம், ஓவர்லே எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஃபிரேமாக்குவதும், அதைச் சின்னதாக்குவதும் கேம் ஓடுகிற அதே கோர்களில்தான் நடக்கிறது. 60 எஃப்பிஎஸ் (செகண்டுக்கு 60 ஃபிரேம்) லைவ் என்றால் ஓபிஎஸ்ஸுக்கு ஒவ்வொரு 16.67 மில்லி செகண்டுக்கும் ஒருமுறை ஜிபியூ கிடைக்க வேண்டும். கேம் 99 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டால் அந்த முறை தவறிவிடும், அந்த ஃபிரேம் உருவாகவே உருவாகாது.

செய்ய வேண்டியது இரண்டு. கேமுக்குள்ளேயே எஃப்பிஎஸ் லிமிட் போட்டு, ஜிபியூ பயன்பாடு 85லிருந்து 90 சதவீதத்துக்குள் நிற்கும்படி வையுங்கள். ஆள்கூட்டமும் புகையும் நிறைந்த மோசமான காட்சியில் பார்த்து முடிவு செய்யுங்கள், மெனு ஸ்க்ரீனில் பார்த்து அல்ல. அடுத்து, விண்டோஸில் ஓபிஎஸ்ஸை ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறங்கள். அப்படித் திறந்தால்தான் ஜிபியூவில் தனக்கு முன்னுரிமை கேட்க ஓபிஎஸ்ஸால் முடியும்.

கேள்வி: லிமிட் எவ்வளவு வைக்கணும்? என் மானிட்டர் 144 ஹெர்ட்ஸ்.

பதில்: ஜிபியூ இடம் கொடுத்தால் 120. கேம் 144ல் ஓடி லைவ் 60ல் போனால், ஒரு லைவ் ஃபிரேமுக்கு 2.4 கேம் ஃபிரேம் வருகிறது. ஓபிஎஸ் சிலசமயம் இரண்டாவதை எடுக்கும், சிலசமயம் மூன்றாவதை. கேமரா மெதுவாகத் திரும்பும்போது அந்தச் சின்னக் குலுக்கல் தெரியும். 120 என்றால் ஒன்று விட்டு ஒன்று, கணக்கு சரியாக விழும். உங்கள் மானிட்டரில் வேரியபிள் ரெஃப்ரெஷ் (கேமின் வேகத்துக்கு ஏற்ப மானிட்டரும் மாறிக்கொள்வது) இருந்தால் 120க்கு இறங்குவது உங்கள் கைக்கும் பெரிதாகத் தெரியாது.

கேள்வி: என்வென்க் போடுறதா எக்ஸ்264 போடுறதா? ஆறு கோர் ப்ராசஸர், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். எக்ஸ்264 மீடியம் தான் குவாலிட்டின்னு எல்லா வீடியோவுலயும் சொல்றாங்க.

பதில்: என்வென்க் என்பது என்விடியா கார்டில் இருக்கும் என்கோடர், எக்ஸ்264 ப்ராசஸரில் ஓடும் என்கோடர். எக்ஸ்264 மீடியம் நல்ல குவாலிட்டிதான். ஆனால் அது இரண்டு கம்ப்யூட்டர் வைத்து, ஒன்றை என்கோடிங்குக்கே ஒதுக்குகிறவர்களுக்கான பேச்சு. ஆறு கோரில் கேமும் ஓடி, 1080பி 60ல் மீடியமும் ஓடினால் என்கோடிங் லேக் நிச்சயம். அதற்கு முன்பே கேமின் ஃபிரேம் டைம் தாறுமாறாகிவிடும். சராசரி எஃப்பிஎஸ் நன்றாகத் தெரியும், ஆனால் சண்டை நடக்கும்போது திக்கும்.

உங்கள் 1660 சூப்பரில் இருப்பது டூரிங் தலைமுறை என்வென்க். ஆர்டிஎக்ஸ் 20 வரிசையிலும் அதேதான். தாராளமாகப் போடலாம். (ஜிடிஎக்ஸ் 1650 வைத்திருப்பவர்கள் கவனிக்க: அந்தப் பெயரில் முதலில் வந்த கார்டுகளில் ஒரு தலைமுறை பழைய என்கோடர்தான். 1650 சூப்பரில் புதியது இருக்கிறது.)

செட்டிங்: ரேட் கன்ட்ரோல் சிபிஆர் (மாறாத பிட்ரேட்), கீஃபிரேம் (முழுதாக அனுப்பும் ஃபிரேம்) இன்டர்வல் 2 செகண்டு, ப்ரீசெட் பி5, ட்யூனிங் ‘ஹை குவாலிட்டி’, மல்டிபாஸ் கால் ரெசல்யூஷன், ப்ரொஃபைல் ‘ஹை’, பி-ஃபிரேம் 2. கீஃபிரேமை 0 என்று விட்டால் என்கோடர் தன் இஷ்டத்துக்கு வைக்கும், தளங்கள் அதை விரும்புவதில்லை. ‘லுக்-அஹெட்’டை ஆஃப் செய்யுங்கள். அது தனிச் சில்லில் ஓடுவதில்லை, கேமின் கோர்களைத்தான் கடன் வாங்குகிறது. ‘சைக்கோ விஷுவல் ட்யூனிங்’ஙும் அப்படித்தான். புது வெர்ஷனில் அதற்கு ‘அடாப்டிவ் குவான்டைசேஷன்’ என்று பெயர். இது படத்துக்கு உண்மையிலேயே நல்லது செய்வதால் ஆனிலேயே இருக்கட்டும். ரெண்டரிங் லேக் தொடர்ந்தால் மட்டும் எடுங்கள்.

கேள்வி: சார், ட்விச்ல 1080பி 60, பிட்ரேட் 6000. நின்னா கண்ணாடி மாதிரி இருக்கு. புல்வெளில ஓட ஆரம்பிச்சா களி மாதிரி ஆயிடுது. கார்டு மாத்தணுமா?

பதில்: வேண்டாம், கார்டுமேல் தப்பில்லை. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும்.

1920ஐ 1080ஆல் பெருக்கி, அதை 60ஆல் பெருக்கினால் செகண்டுக்கு ஏறத்தாழ 12.4 கோடி பிக்சல். உங்களிடம் இருப்பது 6000 கிலோபிட், அதாவது செகண்டுக்கு 60 லட்சம் பிட். ஒரு பிக்சலுக்கு 0.05 பிட்கூட இல்லை. நிற்கும்போது முந்தைய ஃபிரேமையே திரும்பக் காட்டினால் போதும் என்பதால் இது தாங்கும். ஓடும்போது புல்லின் ஒவ்வொரு இதழும் இடம் மாறுகிறது, எதையும் பழைய ஃபிரேமிலிருந்து எடுத்து ஒட்ட முடியாது. என்கோடர் நுணுக்கங்களைத் தூக்கி எறிந்துவிட்டுப் பெரிய கட்டங்களாக வரைகிறது. நீங்கள் சொல்லும் களி அதுதான்.

அதே 6000ஐ 1280க்கு 720ல் கொடுத்தால் பிக்சலுக்கு 0.108 பிட், இரண்டு மடங்குக்கும் மேல். நடுவில் 1664க்கு 936 என்று ஓர் அளவு உண்டு, அதில் 0.064. வேகமான ஷூட்டர், கார் ரேஸ், காடு புல் நிறைந்த கேம் என்றால் 720பி அல்லது 936பி. கார்டு விளையாட்டு, மெதுவான ஸ்ட்ராட்டஜி என்றால் 1080பியிலேயே இருக்கலாம். ‘1080’ என்ற எண்ணை விட மனசு வராது, தெரியும். ஆனால் மொபைலில் பார்க்கிறவர் கண்ணுக்குத் தெளிவான 720, கலங்கிய 1080ஐவிட எவ்வளவோ மேல். இரண்டையும் பத்து நிமிடம் ஓட்டி மொபைலில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அளவை மாற்றும் இடம்: செட்டிங்ஸில் ‘வீடியோ’ பக்கம், ‘அவுட்புட் ஸ்கேல்டு ரெசல்யூஷன்’. ஃபில்டர் லான்சோஸ், ஜிபியூ நெருக்கடி என்றால் பைக்யூபிக். ‘அவுட்புட்’ பக்கத்தில் இருக்கும் ‘ரீஸ்கேல்’ ஆப்ஷனைத் தொடாதீர்கள். இரண்டு இடத்திலும் சுருக்கினால் படம் மழுங்கும்.

இன்னொன்று, கேமுக்குள் ‘ஃபிலிம் கிரெய்ன்’ இருந்தால் உடனே ஆஃப் செய்யுங்கள். அது ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும் பொடி. நின்றுகொண்டிருக்கும் காட்சியிலும் பிட்டைத் தின்றுவிடும். மிகையான ஷார்ப்பனிங்கும் அப்படியே.

கேள்வி: யூடியூபுக்கும் இதே கணக்குதானா?

பதில்: இல்லை. யூடியூப் நிறைய வாங்கிக்கொள்ளும். 1080பி 60க்கு எச்.264 என்ற வழக்கமான வீடியோச் சுருக்க முறையில் அது பரிந்துரைப்பது 12,000, 720பி 60க்கு 6000. ஆனால் நீங்கள் அனுப்புவதை அது அப்படியே காட்டுவதில்லை, மறுபடி என்கோட் செய்துதான் காட்டுகிறது. நகலின் நகல் என்பதால் மூலம் சுத்தமாக இருக்க வேண்டும். அப்லோடு தாராளமாக இருந்தால் 1440பியில் 24,000 அனுப்பிப் பாருங்கள். பொதுவாக அந்த அளவுக்கு யூடியூப் விபி9 கோடெக்கைக் கொடுப்பதால் பார்வையாளருக்குத் தெளிவு கூடும். ஆர்டிஎக்ஸ் 40 வரிசை, ரேடியான் ஆர்எக்ஸ் 7000 வரிசை, இன்டெல் ஆர்க், இவற்றில் ஏவி1 என்கோடர் உண்டு. யூடியூப் அதை ஏற்கிறது, குறைந்த பிட்ரேட்டிலேயே நல்ல படம் கிடைக்கும்.

கேள்வி: லேப்டாப்ல கேம் கேப்ச்சர் போட்டா கறுப்பா இருக்கு. சத்தம் மட்டும் வருது.

பதில்: லேப்டாப்பில் இரண்டு ஜிபியூ. கேம் பெரிய கார்டில் ஓடுகிறது, ஓபிஎஸ் ப்ராசஸரோடு வந்த சின்ன ஜிபியூவில் ஓடுகிறது. விண்டோஸ் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று போய் ஓபிஎஸ்ஸைச் சேர்த்து ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ கொடுங்கள். ஓபிஎஸ்ஸை மூடித் திறக்கவும். சார்ஜர் செருகியே லைவ் போடுங்கள். பேட்டரியில் இரண்டு சில்லுகளும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

கேள்வி: ஸ்பீடு டெஸ்ட்ல அப்லோடு 20 எம்பிபிஎஸ் காட்டுது. 6000தான் அனுப்பறேன். ஆனாலும் டிராப்டு ஃபிரேம்ஸ் ஏறிட்டே இருக்கு.

பதில்: ஸ்பீடு டெஸ்ட் சில செகண்டு பாய்ச்சலைத்தான் அளக்கிறது. லைவுக்கு வேண்டியது மூன்று மணி நேரம் விட்டுப்போகாத ஒழுக்கு. வைஃபையில் இருந்தால் முதலில் கேபிளுக்கு மாறுங்கள். பாதிப் பேருக்கு அதோடு தீர்ந்துவிடும். வீட்டில் யாருடைய மொபைலாவது போட்டோ பேக்கப் ஏற்றிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்லோடு வழி குறுகலானது, ஒரு பேக்கப் போதும் அடைக்க. பிறகு சர்வரை மாற்றிப் பாருங்கள். கடைசி வழியாக, ‘அட்வான்ஸ்டு’ பக்கத்தில் நெரிசலுக்கு ஏற்ப பிட்ரேட்டைத் தானாக மாற்றும் ‘டைனமிக்’ டிக் இருக்கிறது. அதைப் போட்டால் வெட்டுவதற்குப் பதில் கொஞ்ச நேரம் மங்கும்.

கேள்வி: வெப்கேமை 1080பி 30ன்னு வச்சிருக்கேன், ஆனா முகம் ஸ்லோமோஷன்ல அசையுது.

பதில்: வெப்கேம் ப்ராப்பர்ட்டீஸில் ‘வீடியோ ஃபார்மேட்’ ஒய்யூஒய்2 என்று இருக்கிறதா? அது சுருக்காத படம், பிக்சலுக்கு 2 பைட். 1080பியில் 30 ஃபிரேம் என்றால் செகண்டுக்கு ஏறத்தாழ 995 மெகாபிட். யூஎஸ்பி 2.0 வின் உச்சமே 480. உள்ளே போகாததால் கேமரா ஃபிரேமைக் குறைத்துக்கொள்கிறது. படத்தைச் சுருக்கி அனுப்பும் எம்ஜேபெக்கைத் தேர்ந்தெடுங்கள். லைவில் உங்கள் முகம் மூலையில் சின்னக் கட்டம்தான் என்றால் 720பி போதும்.

அதற்குப் பிறகும் 15ல் நின்றால் வெளிச்சம் போதவில்லை. இருட்டில் கேமரா எக்ஸ்போஷரை நீட்டித் தானே ஃபிரேமைப் பாதியாக்கும். முகத்துக்கு எதிரே ஒரு விளக்கு வைத்து, ‘லோ லைட் காம்பென்சேஷன்’ ஆப்ஷனை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: கலர் வெளுத்துப் போகுது.

பதில்: ‘அட்வான்ஸ்டு’ பக்கத்தில் கலர் ஃபார்மேட் என்வி12, ஸ்பேஸ் ரெக்.709, ரேஞ்ச் ‘லிமிடெட்’. ‘ஃபுல்’ என்றால் நல்லது என்று நினைத்து மாற்றுவதில்தான் பலர் மாட்டுகிறார்கள். கேமில் எச்டிஆர் ஆனில் இருந்தால் அதையும் ஆஃப் செய்யுங்கள்.

கேள்வி: (முதல் கேள்வி கேட்டவர்) அண்ணா, 120ல கட்டினேன், அட்மின்லயும் திறந்தேன். ரெண்டரிங் லேக் 9 சதவீதத்திலிருந்து 1.5க்கு வந்துடுச்சு. அதுக்கு மேல இறங்கலை.

பதில்: நல்ல இறக்கம். மிச்சம் உங்கள் சீன்களில் இருக்கும். எத்தனை ‘பிரவுசர் சோர்ஸ்’ வைத்திருக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். அலர்ட், சாட், அசையும் பார்டர், ஒவ்வொன்றும் உள்ளுக்குள் ஓடும் ஒரு முழு வெப் பக்கம். கண்ணை மூடும் சின்னத்தைத் தட்டி மறைத்தாலும் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றின் ப்ராப்பர்ட்டீஸிலும் ‘தெரியாதபோது நிறுத்து’ என்ற பொருள் தரும் டிக்கைப் போடுங்கள். அசைய வேண்டிய அவசியமில்லாத பார்டரை எடுத்துவிட்டு சாதாரணப் படமாக வையுங்கள்.

உங்கள் லைவை நீங்களே இரண்டாவது மானிட்டரில் குரோமில் திறந்து வைத்திருந்தால் மூடுங்கள். அந்த வீடியோவை டீகோட் செய்து வரைவதும் இதே கார்டுதான். விண்டோஸின் கேம் பாரில் ‘பின்னணி ரெக்கார்டிங்’ ஆனில் இருந்தால் ஆஃப் செய்யுங்கள், இல்லையென்றால் ஒரே நேரத்தில் இரண்டு ரெக்கார்டிங் நடக்கும். ‘கேம் மோட்’ ஆனிலேயே இருக்கட்டும். கேம் தொடங்கியதும் ஓபிஎஸ் ப்ரிவ்யூவில் ரைட் கிளிக் செய்து ‘எனேபிள் ப்ரிவ்யூ’ டிக்கை எடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றாமல் ஒன்றை மாற்றி, 15 நிமிடம் ஓட்டி, எண்ணிக்கையைப் பாருங்கள்.

கேள்வி: லைவ் போகும்போதே நல்ல குவாலிட்டில ரெக்கார்டும் பண்ண முடியுமா? அப்புறம் கட் பண்ணிப் போடணும்.

பதில்: முடியும். ரெக்கார்டிங்குக்குத் தனி என்கோடர் கொடுத்து சிக்யூபி (பிட்ரேட்டுக்குப் பதில் குவாலிட்டியை நிலையாக வைக்கும் முறை) 20 வையுங்கள். எண் குறையக் குறைய ஃபைல் பெருக்கும். சராசரி 40 மெகாபிட் வந்தால் ஒரு மணி நேரத்துக்கு 18 ஜிபி. ஃபார்மேட் எம்கேவி. கரண்ட் போனாலும் அதுவரை எழுதியது பிழைக்கும். சாதாரண எம்பி4 என்றால் முழு ஃபைலும் போகும். பிறகு ‘ரீமக்ஸ்’ கொடுத்து சில நொடியில் எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம், குவாலிட்டி துளியும் குறையாது. ஆனால் லைவை 720பிக்குச் சுருக்கியிருந்தால் ரெக்கார்டும் 720பியில்தான் வரும்.

கேள்வி: ஒரே ஒரு பார்ட் வாங்க முடியும்னா எது?

பதில்: ரேம் எத்தனை ஸ்டிக் என்று முதலில் பாருங்கள். ஒற்றை 16 ஜிபி ஸ்டிக் போட்டிருந்தால் மெமரி பாதி வழியில்தான் ஓடுகிறது. அதே வேகத்தில் இன்னொன்றை, போர்டு மேனுவல் சொல்லும் ஸ்லாட்டில் செருகி, பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆன் செய்யுங்கள். லைவ் போடும்போது ப்ராசஸரும் இழுக்கும், என்கோடரும் இழுக்கும் என்பதால் வித்தியாசம் தெரியும். ரேம் சரியாக இருந்து, ரெண்டரிங் லேக்தான் ஏறுகிறது என்றால் ஜிபியூ. என்கோடிங் லேக் ஏறுவதும் எக்ஸ்264 போட்டிருப்பதும் ஒன்றாக இருந்தால் எதையும் வாங்காதீர்கள், ஹார்டுவேர் என்கோடருக்கு மாறினால் போதும். டிராப்டு ஃபிரேம்ஸ் மட்டும் ஏறினால் ரவுட்டரிலிருந்து மேஜை வரை நீளும் ஒரு கேட்6 கேபிள்.