நெதர்லாந்தின் டோர்ட்ரெக்ட் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: ராட்டர்டாமில் தங்குகிறோம். டோர்ட்ரெக்ட்டுக்கு ரயிலில் போவதா, படகில் போவதா?

போகும்போது படகு, திரும்பும்போது ரயில். எராஸ்மஸ் பாலத்தருகே வாட்டர்பஸ் ஏறினால் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். ரயிலில் கால் மணி நேரம், மிஞ்சினால் இருபது நிமிடம். ஆனாலும் படகைச் சொல்வதற்குக் காரணம், இந்த ஊரின் முகமே ஆற்றுப் பக்கம்தான். ரயில் நிலையத்திலிருந்து நடந்தால் கடைத்தெருவைக் கடந்து கடைசியில்தான் பழைய துறைமுகம் வரும். அதற்குள் கால் ஓய்ந்துவிடும். படகு மெர்வகாடே படகுத்துறையில் இறக்கிவிடும், பக்கத்திலேயே க்ரோட்ஹோஃப்ட் வாசல் கோபுரம். அதன் முன்னால் நின்றால் மெர்வேடே, நோர்ட், அவுடே மாஸ் ஆகிய மூன்று ஆறுகளும் சந்திப்பதைப் பார்க்கலாம். சரக்குப் படகுகள் ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும். 1299-இல் இந்த ஊர் ஓர் உரிமை பெற்றது: ஆற்று வழியே வரும் சரக்கை இங்கே இறக்கி விற்பனைக்கு வைத்தாக வேண்டும். அந்த உரிமைக்கு இந்த இடம் எவ்வளவு பொருத்தம் என்பது அங்கே நின்றால் விளங்கிவிடும்.

கேள்வி: டிக்கெட் எப்படி எடுப்பது? இந்திய வங்கி அட்டை வேலை செய்யுமா?

தனியாக டிக்கெட் வேண்டாம். தொடாமல் செலுத்தும் வசதியுள்ள விசா, மாஸ்டர்கார்டு அட்டையை ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை கருவியில் காட்டினால் போதும். தவறு நடப்பது மூன்று இடங்களில். ஒன்று, அட்டையால் ஏறிவிட்டு, அதே அட்டையைச் சேர்த்து வைத்திருக்கும் கைபேசியால் இறங்குவது. கருவிக்கு அவை இரண்டும் வேறு வேறு அட்டைகள். இரண்டு, இறங்கும்போது காட்ட மறப்பது. ரயிலில் மறந்தால் 20 யூரோ வரை போகும். மூன்று, ஒரே அட்டையில் இரண்டு பேர் பயணம் செய்ய முடியாது, ஆளுக்கொன்று வேண்டும். இந்திய அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடும் தொடாமல் செலுத்துவதும் பெரும்பாலும் அணைத்தே இருக்கும். புறப்படும் முன் வங்கிச் செயலியில் இரண்டையும் திறந்துவிடுங்கள். சில சின்னக் கடைகளில் கிரெடிட் கார்டு வாங்க மாட்டார்கள். கொஞ்சம் ரொக்கமும் கையில் இருக்கட்டும்.

கேள்வி: அரை நாள்தான் இருக்கிறது. எந்த வழியாக நடக்கலாம்?

க்ரோட்ஹோஃப்ட் வாசலில் தொடங்கி குய்பர்ஸ்ஹாஃபன் கரையோரமாகப் போய், டாமியாட்டே பாலம் தாண்டி வோல்வேவர்ஸ்ஹாஃபன், பிறகு நியூவே ஹாஃபன், முடிவில் க்ரோட்ட கெர்க் தேவாலயம். திரும்பும்போது ஃபோர்ஸ்ட்ராட் கடைத்தெரு. பாலம் படகுக்காகத் திறந்திருந்தால் காத்திருங்கள், அதுவும் பார்க்க வேண்டியதுதான். வழியில் வீடுகளின் முகப்பை அண்ணாந்து பாருங்கள். ஜன்னல்களுக்கு மேல் செங்கல் வளைவுகள் ஒன்றையொன்று தாங்கி ஏறும். டோர்ட்ரெக்ட் முகப்பு என்றே அதற்குப் பெயர். கொத்தனார் சங்கத்தில் சேர விரும்பியவர் தன் திறமையைக் காட்டக் கட்டிய வேலை அது. சின்னக் குழந்தைகள் உடன் வந்தால் கையை விடாதீர்கள். துறைமுகக் கரையில் பல இடங்களில் தடுப்புக் கம்பி கிடையாது.

கேள்வி: ஃபோர்ஸ்ட்ராட் வெறும் கடைத்தெருதானே? நேரமில்லை என்றால் விட்டுவிடலாமா?

விடாதீர்கள். அந்தத் தெருவே ஊரைக் காக்கும் அணை. துறைமுகப் பக்கமிருந்து குறுக்குச் சந்துகளில் நுழைந்து வந்தால் தரை மேலேறி, தெருவைத் தாண்டியதும் மறுபடி இறங்குவதைக் காலே சொல்லிவிடும். நீங்கள் ரசித்துவிட்டு வந்த துறைமுக வீடுகள் எல்லாம் அணைக்கு வெளியே இருப்பவை. அவற்றின் வாசல் நிலையைக் குனிந்து பாருங்கள்: இரு பக்கமும் நெடுக ஒரு பள்ளம் ஓடும். வெள்ளம் வரும் என்று அறிவிப்பு வந்தால் அதில் பலகையைச் சொருகி அடைத்துவிடுவார்கள்.

கேள்வி: கடலிலிருந்து இவ்வளவு உள்ளே இருக்கிற ஊரில் எப்படி வெள்ளம்?

வடமேற்குப் புயல் வட கடலின் நீரை ராட்டர்டாம் வழியாக ஆற்றுக்குள் தள்ளும். அதே நேரம் ரைன், மாஸ் ஆறுகளின் நீர் மேலிருந்து இறங்கும். இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் டோர்ட்ரெக்ட் இருக்கிறது. 1997-இல் இயங்கத் தொடங்கிய மாஸ்லாண்ட் புயல் தடுப்புக் கதவு, ராட்டர்டாமில் 3.00 மீட்டர் அல்லது டோர்ட்ரெக்ட்டில் 2.90 மீட்டர் நீர்மட்டம் வரும் என்று கணிக்கப்பட்டால் மூடப்படும். தாழ்வான கரைகள் அந்த அளவுக்கு முன்பே நனைந்துவிடும் என்பதால், குளிர்காலத்தில் புயல் எச்சரிக்கை இருந்தால் காரைத் துறைமுகக் கரையில் நிறுத்தாதீர்கள். பழைய பேரழிவு 1421 நவம்பர் 18-19 இரவில் வந்த புனித எலிசபெத் வெள்ளம். ஊரைச் சுற்றியிருந்த விளைநிலம் நீருக்கடியில் போய், ஊர் தீவாக நின்றது. இன்றைய பீஸ்போஸ் சதுப்புக் காடு அதன் மிச்சம். 1988-இல் மரத்தைக் கொறித்து அணை கட்டும் பீவர் என்ற விலங்குகளை அங்கே மறுபடி கொண்டுவந்து விட்டார்கள்.

கேள்வி: க்ரோட்ட கெர்க் கோபுரம் சாய்ந்திருப்பது உண்மையா? ஏறலாமா?

உண்மைதான். அடியில் மென்மையான களிமண்ணும் கரிமண்ணும். கட்டும்போதே அமிழத் தொடங்கியதால் திட்டமிட்ட உயரத்தை எட்டாமலே நிறுத்திவிட்டார்கள். 275 படி; மின்தூக்கி இல்லை, சுழல் படி குறுகல், பெரிய பையோடு திணறுவீர்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறாமல் உள்ளே பாட்டு மண்டபத்து மர இருக்கைகளைப் பாருங்கள். யான் டெர்வன் 1538 முதல் 1542 வரை செதுக்கியவை, ஒவ்வொன்றும் நின்று பார்க்கத்தக்கது. ஞாயிறு காலை வழிபாடு நடக்கும், அப்போது சுற்றிப்பார்க்கப் போகாதீர்கள்.

கேள்வி: திங்கட்கிழமைதான் எங்களுக்கு வசதி.

மாற்றிக்கொள்ளுங்கள். டோர்ட்ரெக்ட்ஸ் மியூசியம் திங்களன்று மூடியிருக்கும். வெள்ளி, சனி சந்தை நாட்கள், அவைதான் நல்ல நாட்கள்.

கேள்வி: அதே நாளில் கிண்டர்டைக் காற்றாலைகளையும் பார்க்க முடியுமா?

முடியும், காலையில் கிண்டர்டைக், மதியத்துக்கு மேல் டோர்ட்ரெக்ட் என்று வைத்தால். 19 ஆலைகள், பெரும்பாலானவை 1740-ஐ ஒட்டிக் கட்டியவை. ராட்டர்டாமில் கடையில் சைக்கிள் வாடகைக்கு எடுத்து வாட்டர்பஸ்ஸில் ஏற்றுங்கள், சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. அல்பிளாஸர்டாமில் இறங்கி அரை மணிக்குள் மிதித்துவிடலாம். ரயில் நிலையத்து நீல-மஞ்சள் சைக்கிளை நம்பிப் போகாதீர்கள். பதிவு செய்த உள்ளூர் அட்டை இல்லாமல் கிடைக்காது. வெயில் அடிக்கும் ஞாயிறுகளில் படகில் சைக்கிள் இடம் நிரம்பினால் அடுத்த படகுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். குளிர்காலத்தில் படகுகள் குறைவு, கடைசிப் படகின் நேரத்தைக் காலையிலேயே பார்த்து வையுங்கள்.

கேள்வி: ஊரின் முழுத் தோற்றத்தையும் படம் எடுக்க நல்ல இடம் எது?

எதிர்க்கரை ஸ்வைன்ட்ரெக்ட். படகில் சில நிமிடம். மாலையில் போங்கள், வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து தேவாலயத்தின் மேல் விழும். காலையில் போனால் எதிர்வெயிலில் கோபுரம் கறுத்துத்தான் வரும்.

கேள்வி: சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு?

பான்கேக் மாவில் முட்டை உண்டு. பிட்டர்பால்லன் என்ற உருண்டையில் மாட்டிறைச்சி. காஸ்சூஃப்லே என்ற பொரித்த பலகாரத்தின் உள்ளே பாலாடைக்கட்டி மட்டும், ஆனால் இறைச்சி பொரிக்கும் அதே எண்ணெய்ச் சட்டியில் பொரித்திருக்கலாம். பல பாலாடைக்கட்டிகளில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் சேர்வதால், கண்டிப்பான சைவர்கள் கடைக்காரரிடம் அதைக் குறிப்பாகக் கேட்டு வாங்குங்கள்.